பெருஜியாவுல ஒரு அம்மா 1921ல ஆரம்பிச்ச தறிக்கூடம் இன்னும் ஓடுது: பாண்டி, கடலூர்ல இப்டி ஒண்ணு ஏன் வரக்கூடாது?

தறிநாடா, முத்தியால்பேட்டை

இத்தாலியில பெருஜியான்னு ஒரு ஊரு, உம்பிரியா மாநிலத்துல, மலை மேல இருக்கு. அங்க ஜூதித்தா ப்ரொஸெத்தின்னு ஒரு அம்மா 1921ல கைத்தறிக்கூடம் ஆரம்பிச்சாங்க. நூறு வருஷம் தாண்டிடுச்சு, தறி இன்னும் ஓடுது. அவங்களுக்கு அப்புறம் மக, பேத்தி, கொள்ளுப்பேத்தின்னு நாலு தலைமுறையா அந்தக் குடும்பத்துப் பொம்பளைங்களே நடத்திட்டு வர்றாங்க. மியூசியமும் அதுதான் பட்டறையும் அதுதான், அந்த அம்மா பேர்லயே இருக்கு.

இருக்குற எடம் 13ஆம் நூற்றாண்டு சர்ச்சு, சான் ஃபிரான்செஸ்கோ தெல்லே தோன்னேன்னு பேரு, இப்ப அங்க பூசை நடக்குறதில்ல. கல் வளைவுக்குக் கீழ மரத்தறிங்க நிக்குது, டிசைன் விழ வைக்கிற ஜக்கார்டு பெட்டி நம்ம தலைக்கு ரொம்ப மேல. ஆபீஸ் வேலையா அந்தப் பக்கம் போனப்ப பாத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள துணிய மடிச்சு வச்சு கீழ சீட்டு ஒட்டுற மியூசியம் இல்ல இது. வர்றவங்க முன்னாடியே நெய்யிறாங்க, நெய்த துணிய விக்கிறாங்க, கத்துக்கணும்னா வகுப்பும் எடுக்குறாங்க.

எனக்கு மனசுல ஓடுறது இதுதான். துணிக்காகவே வெள்ளைக்காரன் கப்பல் கட்டி வந்த கரை நம்முது. பிரெஞ்சுக்காரன் பாண்டிக்கு வந்தது துணிக்கு, இங்கிலீஷ்காரன் கடலூர்ல செயின்ட் டேவிட் கோட்டைய 1690ல வாங்குனதும் துணி யாவாரத்துக்குத்தான். ஆனா இன்னிக்கு ஒரு சின்னப் பையன கூட்டிட்டுப் போயி "இதான்டா தறி, இப்டித்தான் நம்ம ஊர்ல நெஞ்சாங்க"ன்னு காட்ட ஒரு எடம் சொல்லுங்க பாப்போம். நெய்தவங்க பேரு ஒண்ணாச்சும் எங்கயாவது எழுதியிருக்கா? அதுலயும் பொம்பளைங்க பேரு?

எல்லாரும் பேசுங்க, குறிப்பா நெசவுக் குடும்பத்துலேர்ந்து வந்தவங்க.

மஞ்சக்குப்பத்தான்

நல்ல விஷயம்ண்ணா. ஆனா ஒரு சந்தேகம், அந்த அம்மா நெசவாளியா இல்ல காசு போட்ட முதலாளியா? ஏன் கேக்குறேன்னா நம்மூர்லயும் மாஸ்டர் வீவர்னு இருக்காங்க, நூலக் குடுத்து துணிய வாங்கிக்குறவங்க, நாளைக்கு அவங்களுக்கு மியூசியம் கட்டுனா நெஞ்சவன் கதை என்னாவுறது?

தறிநாடா

நியாயமான கேள்வி. அவங்க நெசவுக் குடும்பம் கிடையாது, கல்வித்துறை. பெருஜியாவச் சுத்தி இருக்குற கிராமத்துப் பள்ளிக்கூடங்கள மேற்பார்வை பாக்குற வேலை. முதல் உலகப்போர் சமயம், ஆம்பளைங்க பூரா சண்டைக்குப் போயிட்டாங்க. இவங்க ஊர் ஊரா பள்ளிக்கூடம் பாக்கப் போறப்ப விவசாயி வீடுகள்லேர்ந்து தறிச்சத்தம் கேட்டிருக்கு. உள்ள போயிப் பாத்தா பொம்பளைங்க வீட்டுக்கு வேண்டிய துணியையும் கல்யாணச் சீர் துணியையும் நெஞ்சுட்டிருக்காங்க, அதுல இருக்குற டிசைன் எல்லாம் இடைக்காலத்துலேர்ந்து வர்றது. அம்மா கிட்டேர்ந்து பொண்ணு கத்துக்கிட்டது, ஒருத்தரும் எழுதி வைக்கல.

அந்த அம்மா செஞ்ச காரியம் என்னன்னா, வீட்டுக்குள்ள காசில்லாம நடந்துட்டிருந்த வேலைய வெளிய கொண்டாந்து கூடம் போட்டு, பொம்பளைங்களுக்குச் சம்பள வேலையா மாத்துனது. பழைய டிசைன தேடித் தேடி எடுத்தாங்க. 1921ல ஒரு பொம்பளை தன் பேர்ல தொழில் ஆரம்பிக்கிறதுன்னா சும்மாவா, அப்ப இத்தாலியில பொம்பளைங்களுக்கு ஓட்டே கிடையாது, அது 1946லதான் போட்டாங்க.

அதே ஊர்ல இன்னொரு அம்மாவும் உண்டு, லூயிசா ஸ்பாஞோலி. 1907ல பெருஜினா சாக்லேட் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், பின்னாடி அங்கோரா முயல் முடியில நூல் எடுத்து துணித் தொழிலும் ஆரம்பிச்சாங்க. அவங்களப் பத்தி தனியாவே பேசலாம், இங்க வேணாம்.

குறிஞ்சிப்பாடிப் பொண்ணு

"வீட்டுக்குள்ள காசில்லாம நடந்துட்டிருந்த வேலை"ன்னு போட்டீங்க பாருங்க, அத படிச்சிட்டுத்தான் எழுத வந்தேன்.

எங்க வீடு கைலி நெய்யிற வீடு. அப்பா குழித்தறியில உக்காந்தா அவரு நெசவாளி. நெசவாளர் கூட்டுறவு சொசைட்டி பாஸ்புக்கு அவரு பேர்ல, கூலி அவரு கையில, கூட்டத்துக்குக் கூப்புடுறதும் அவரத்தான். எங்கம்மா காலையில எழுந்து ராட்டையில தார் சுத்துவாங்க, அதாவது குறுக்கே போற ஊடை நூல நாடாவுக்குள்ள வைக்க குச்சியில சுத்துறது, அது இல்லன்னா தறியில ஓடுற நாடா வெறும் கட்டை. பாவு, அதான் நீளவாக்குல போற நூலு, அறுந்தா பிணைக்கிறது அம்மா. சாயம் போட்ட நூல் சிட்டத்த உதறி, சிக்கெடுத்து, நூல் பிரிக்கிற பரிவட்டத்துல மாட்டுறதும் அம்மா. கஞ்சி போட்டு விடியக்காத்தால தெருவுல பாவு நீட்டுறப்ப ஒரு பக்கம் புடிக்கிறதும் அம்மா. வெயில் ஏறிட்டா கஞ்சி முறுகி இழை ஒடையும், அதனால அந்த வேலைக்கு நேரம் தப்பவே கூடாது, புள்ள அழுதாலும் கைய விட்டுட்டு வர முடியாது. மதியத்துல அப்பா சாப்டு கண்ணசந்தா அம்மா தறியில எறங்கிடுவாங்க. இத்தனைக்கும் கணக்குல ஒரு வீட்டுக்கு ஒரு நெசவாளி.

அம்மா விரல் நுனிய தொட்டுப் பாத்தீங்கன்னா தெரியும், ஆள்காட்டி விரல்ல நூல் ஓடி ஓடி ஒரு கோடு விழுந்து தோலு தடிச்சிப்போயி கெடக்கும். சொசைட்டி ஒண்ணுல, பேரு வேணாம், அம்மாவுக்கு உறுப்பினர் அட்டை கேட்டதுக்கு "ஒரு தறிக்கு ஒரு பேரு போதும்"னு திருப்பி அனுப்புனாங்க.

அதனால மியூசியம் வந்தா எனக்கு சந்தோஷந்தான், ஆனா தறியில ஒரு ஆம்பளை பொம்மைய உக்கார வச்சிட்டு பக்கத்துல ராட்டைய சும்மா அலங்காரத்துக்கு வைக்கிற மியூசியமா இருந்தா வேண்டவே வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தான்

அக்கா நீங்க எழுதுனதுக்கு அப்புறம் என் கேள்விய இன்னும் அழுத்திக் கேக்கத் தோணுது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புல நாடு முழுக்க நெசவுலயும் அதச் சார்ந்த வேலையிலயும் இருக்குறவங்கள்ல 72 சதவீதம் பொம்பளைங்கன்னு வந்துச்சு. பாஸ்புக்குல அந்த 72 எங்க?

அரிக்கமேட்டு மண்

வரலாறு பக்கம் கொஞ்சம் சேக்கறேன், நீளமா போகும் பொறுத்துக்குங்க.

பெருஜியா துணிக்கு அடையாளமே வெள்ளைத் தரையில நீலப் பட்டை, அந்தப் பட்டைக்குள்ள எதிரும் புதிருமா ரெண்டு பறவை, ரெண்டு மான், இல்லன்னா கழுகுத் தலையும் சிங்க உடம்புமா இருக்குற கிரிஃபின், அது அந்த ஊரு சின்னம். சர்ச்சுல பலிபீடத்துக்கு விரிக்கிற துணியா ஆரம்பிச்சு ஐரோப்பா பூரா போயிருக்கு. பக்கத்துல அசிசி ஊரு பெரிய கோயில்ல சுவரோவியத்துல சாப்பாட்டு மேஜை மேல அந்த மாதிரித் துணி கெடக்கும். அந்த நீலம் எதுலேர்ந்து வந்துச்சுன்னா குவாதோன்னு ஒரு செடி, உம்பிரியா பக்கம் அத வயல் வயலா போட்டிருக்காங்க.

இப்ப நம்ம பக்கம் வாங்க. நம்ம அவுரி இலையில இருக்குற நீலமும் அந்தக் குவாதோ இலையில இருக்குற நீலமும் ஒரே வேதிப்பொருள், இண்டிகோட்டின். அவுரியில அது ரொம்ப ஜாஸ்தி, அதுல கெட்டியா சாயம் எறங்கும். கப்பல் வழி நம்ம நாட்டு நீலம் ஐரோப்பாவுக்குள்ள போக ஆரம்பிச்சதும் அங்க செடி போட்டவங்க பொழப்பு ஆட்டம் கண்டுச்சு. பிரான்சுல நாலாம் ஹென்றி ராஜா 1609ல இண்டிகோ பயன்படுத்துனா மரண தண்டனைன்னே சட்டம் போட்டாரு, அந்த அளவுக்குப் பயம். அந்த நீலம் பின்னாடி எங்க மாவட்டத்துல, அப்ப அது தென்னாற்காடு, வயல் வயலா வெளஞ்சுது. திண்டிவனம் பக்கம் இப்பயும் அவுரி போடுறவங்க இருக்காங்க.

அப்புறம் பாண்டியிலேர்ந்து நீலத்துணி, கினே துணின்னு சொல்லுவாங்க, ஆப்பிரிக்காவுல செனகல் வரைக்கும் போச்சு. அங்க அது வெறும் துணி இல்ல, காசு மாதிரியே கை மாறிச்சு, கருவேலம் பிசின் வாங்கறதுக்கு பிரெஞ்சுக்காரன் பாண்டி நீலத்துணிய எண்ணிக் குடுத்தான்.

இன்னும் பின்னாடி போனா அரிக்கமேடு, பாண்டி பக்கத்துல இருந்த பழைய துறைமுகம். 1945ல தொல்லியல்காரர் வீலர் தோண்டுனப்ப செங்கல் தொட்டிங்க கெடச்சுது, துணிக்குச் சாயம் தோய்ச்ச தொட்டியா இருக்கும்னு அவரு எழுதுனாரு. அங்க எடுத்த பொருள் கொஞ்சம் செயின்ட் லூயி வீதி மியூசியத்துல இருக்கு, மணி, பானை ஓடு எல்லாம் பாத்திருப்பீங்க. அந்தத் தொட்டியில என்ன கரைச்சாங்க, எந்த வேர இடிச்சாங்கன்னு ஒரு பத்து வயசுப் புள்ளைக்குப் புரியுற மாதிரி காட்டுனா எப்டி இருக்கும்!

தறிநாடா

சார் அருமை. நீலத்துல ரெண்டு ஊரும் ஒட்டுதுன்னு எனக்குத் தோணவே இல்ல. சாயவேர் பத்தியும் எழுதுங்களேன்.

அரிக்கமேட்டு மண்

சாயவேர் நம்ம கடற்கரை மணல்ல வர்ற சின்னச் செடி, வேருலதான் சிவப்பு. துணிய மொதல்ல கடுக்காய்ச் சாறுலயும் எருமைப் பாலுலயும் நனைச்சுக் காயவச்சு, அப்புறம் படிகாரத்தால வரைஞ்சு, அதுக்கப்புறம் வேரு கொதிக்கிற தண்ணியில போடுவாங்க. படிகாரம் பட்ட எடத்துல மட்டும் சிவப்பு புடிக்கும், மத்த எடம் வெளுத்துடும். தோய்க்கத் தோய்க்க நெறம் ஏறுமே தவிர எறங்காது. இதத்தான் ஐரோப்பாக்காரனால அப்ப செய்ய முடியல.

அதனால என்ன பண்ணான்? 1734ல பொலியூன்னு பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி பாண்டியில உக்காந்து ஒவ்வொரு கட்டமா எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டுத் துணிய வெட்டி எடுத்துட்டுப் போனாரு. அந்தத் துண்டுங்க பாரிஸ்ல இயற்கை வரலாற்று மியூசியத்துல பத்திரமா இருக்கு. 1742ல கெர்தூன்னு ஒரு இயேசு சபைச் சாமியாரும் இதே மாதிரி விவரமா கடுதாசி எழுதி அனுப்புனாரு. பிரான்சுல 1686லேர்ந்து 1759 வரைக்கும் நம்ம பக்கத்து சாயத்துணிக்குத் தடை, தடை எடுத்த மறு வருஷமே 1760ல ஷூயின்னு ஒரு ஊர்ல அச்சுத்துணி ஆலை வந்துடுச்சு. இப்ப அங்க அந்தத் துணிக்கு மியூசியம் இருக்கு. எழுதி வச்சவன் பேரு இருக்கு, ஆலை வச்சவன் பேரு இருக்கு. பாண்டியில வரைஞ்சு காட்டுனவங்க பேரு ஒண்ணு கூட இல்ல.

கடற்கரைச் சாலை

ஷூயி மியூசியம் நான் பாத்திருக்கேன், என் தங்கச்சி குடும்பம் பாரிஸ் பக்கந்தான். ஓபெர்காம்ஃப்னு ஆலை முதலாளிய எல்லாருக்கும் தெரியும். ஆனா அவரு பார்ட்னரோட மனைவி மதாம் தெ மரேஸ்னு ஒரு அம்மாதான் கணக்கு வழக்கு, கடுதாசிப் போக்குவரத்து, கடன் வசூல் எல்லாம் பாத்தவங்க. துணித் தொழில்ல பொம்பளைங்க எங்கயும் இருந்திருக்காங்க, பேரு வெளிய வர்றதுக்குத்தான் இவ்ளோ நாளு ஆவுது.

நம்மூர்லயே ரொமேன் ரோலன் வீதியில குளூனி சிஸ்டர்ஸ் எம்ப்ராய்டரி சென்டர் இருக்கே, போயிருக்கீங்களா? பொம்பளைங்க வரிசையா உக்காந்து ஊசி வேலை செய்யிறத நேர்ல பாக்கலாம், வாங்கலாம். பெருஜியா மாதிரி வேணும்னு கேக்குறோம், அதுல பாதி ஏற்கனவே நம்ம வெள்ளைக்காரத் தெருவுல நடக்குது. போங்க, பாருங்க, ஒரு மேஜை விரிப்பு வாங்குங்க.

வில்லியனூர் வாசி

எல்லாம் கேக்க நல்லாருக்கு. நான் கொஞ்சம் கசப்பா பேசப்போறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

மியூசியம்னா என்ன நடக்கும்? மந்திரி வருவாரு, ரிப்பன் வெட்டுவாரு, ஆறு மாசத்துல ஏசி ஓடாது, கடல் காத்துல துணியில பூஞ்சை புடிக்கும், டிக்கெட் குடுக்குறவரு மட்டும் உக்காந்திருப்பாரு. அதுக்குச் செலவு பண்ற காசுல நூல் விலையக் கொறைங்க, கூலிய ஏத்துங்க. நெய்யிறவனுக்கு மழைக்காலத்துல தறிக்குழியில தண்ணி ஊறிடுது, ஐப்பசி கார்த்திகையில பாவு ஈரம் இழுத்துக்கிட்டு வேலையே ஓடாது, அந்த ரெண்டு மாசம் அவன் என்ன சாப்புடுவான்? 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப கூரை போன தறிக்கூடம் எத்தன, திரும்பி எழுந்தது எத்தன? உயிரோட இருக்குற தொழிலுக்கு மியூசியம் கட்டுறது அபசகுனம் மாதிரி இருக்கு எனக்கு.

குறிஞ்சிப்பாடிப் பொண்ணு

வில்லியனூர் அண்ணா சொல்றது பூரா நெசம். எங்க வீட்டுலயும் கார்த்திகையில குழியிலேர்ந்து சொம்புல தண்ணி எறைச்சிருக்கோம். ஆனா கூலிய ஏத்தணும்னா துணிக்கு வெல ஏறணும், துணிக்கு வெல ஏறணும்னா வாங்குறவனுக்கு அது எப்டி ஆச்சுன்னு தெரியணும். கடையில போயி "பவர்லூம் கைலி இத்தன ரூவாதானே, இது ஏன் ஜாஸ்தி"ன்னு கேக்குறான். ஒரு தடவ அவன தார் சுத்த வுட்டா அந்தக் கேள்வி வராது.

தறிநாடா

தங்கச்சி சொன்னதுதான் பெருஜியாவுல நான் பாத்தது. அங்க உள்ள போக கட்டணம் வாங்குறாங்க, முன்கூட்டியே சொல்லிட்டுப் போகணும், நெய்யிறவங்களே கூட வந்து காட்டுறாங்க. அந்த டிக்கெட்டு, துணி விக்கிற காசு, கத்துக்குடுக்குற காசு, ஆர்டர் எடுத்து பழைய டிசைன நெஞ்சு குடுக்குறது, இதெல்லாம் சேந்துதான் தறிய நிக்காம வச்சிருக்கு. கெடச்ச வெலைக்குத் தள்ளிவிடுற வேலையே இல்ல, ஒரு முழம் எவ்ளோ நேரம் புடிக்குதுன்னு கண்ணால பாத்துட்டுத்தான் வாங்குறாங்க, பேரம் பேச வாயே வராது.

அண்ணா பயப்படுற மாதிரி ரிப்பன் மியூசியம் யாரும் கேக்கல. ஓடுற தறிக்கூடம் ஒண்ணு, அதுல ஆளுங்க வந்து பாக்குற மாதிரி ஏற்பாடு. அவ்ளோதான். மழைக்காலத்துக்கு மேடைத்தறி போட்டுக்கலாம், குழி வேணாம், ஆனா குழித்தறி ஒண்ணு கட்டாயம் காட்டணும்.

ரோடியர் மில் வாரிசு

எங்க தாத்தா, அப்பா ரெண்டு பேரும் மில்லு. ரோடியர் மில்லு 1898ல ஆரம்பிச்சது, பின்னாடி ஏ.எஃப்.டி., அதான் ஆங்கிலோ ஃபிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்னு ஆச்சு, 2020ல மூடுனாங்க. கைத்தறி பத்தி மட்டும் பேசிட்டு மில்ல விட்டுடாதீங்க தோழர்களே.

1936 ஜூலை 30 எல்லாருக்கும் தெரியணும். சவானா மில்லுல எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடுனப்ப பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 பேரு செத்தாங்க. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமையில நடந்த போராட்டம். அதுக்கப்புறந்தான் 1937ல பிரெஞ்சிந்தியாவுல எட்டு மணி நேரம் சட்டமாச்சு. அந்த மில்லுங்கள்ல பொம்பளைங்களும் நின்னு வேலை பாத்தவங்கதான், புள்ளைய தூளியில போட்டுட்டு. எங்க பாட்டி கூட நூல் பிரிவுல இருந்தவங்க, காதுல எப்பயும் மெஷின் சத்தம் ஓடுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க, பக்கத்துல பேசுனா கேக்காது, உதட்டப் பாத்துத்தான் பதில் சொல்லுவாங்க.

எடம் தேடுறீங்கன்னா மில்லு கட்டடத்துல ஒரு பகுதி கேக்கலாம். சுண்ணாம்புச் சுவரு, ஒசந்த கூரை, வெளிச்சம் வர்ற மாதிரி ஜன்னல், தறி வைக்கிறதுக்குன்னே கட்டுன மாதிரி இருக்கும். பெருஜியாக்காரங்க சர்ச்ச தறிக்கூடமா மாத்துனாங்க, நம்மகிட்ட துணிக்குன்னே கட்டுன கூடம் சும்மா கெடக்கு.

வில்லியனூர் வாசி

மில்லு எடம்னா நான் ஆதரவு. ஆனா கட்டடத்துக்கு அலைஞ்சு ஃபைல் நகர்றதுக்குள்ள தறி தெரிஞ்சவங்க போய்ச் சேந்துடுவாங்க. மொதல்ல ஆளுங்களப் புடிங்க.

அட்டை டிசைனர்

இவ்ளோ நேரம் படிச்சிட்டிருந்தேன், ஜக்கார்டுன்னு வந்ததால எழுதறேன். நான் காஞ்சிபுரம் பக்கம் கத்துக்கிட்டு இப்ப கடலூர் ஓ.டி.யில, அதான் ஓல்டு டவுன்ல, இருக்கேன். நிறைய பேருக்கு ஜக்கார்டு பெட்டி எப்டி வேலை செய்யுதுன்னு தெரியாது, தெரிஞ்சா அந்தப் பெருஜியா தறிக்கு முன்னாடி நிக்கிறப்ப ஒரு மரியாதை வரும்.

ஜோசஃப் மாரி ஜக்கார்டுன்னு லியோன்காரரு 1804ல கொண்டாந்தாரு. டிசைன மொதல்ல கட்டம் போட்ட பேப்பர்ல வரைவோம், ஒரு கட்டம் ஒரு இழை. படுக்கையில போற ஒவ்வொரு வரிக்கும், அதாவது நாடா ஒரு தரம் போறதுக்கு, ஒரு அட்டை. அட்டையில ஓட்டை இருக்குற எடத்துல ஊசி உள்ள நுழையும், கொக்கி அப்டியே நிக்கும், கத்தி மேல ஏறுறப்ப அந்தக் கொக்கிய தூக்கும், கொக்கியோட கட்டுன பாவு இழையும் மேல வரும். ஓட்டை இல்லாத எடத்துல அட்டை ஊசிய தள்ளிடும், கொக்கி சாஞ்சுடும், கத்தியில மாட்டாது, இழை கீழயே கெடக்கும். தூக்குன இழைக்கும் கெடக்குற இழைக்கும் நடுவுல நாடா ஓடும். அவ்ளோதான் விஷயம். ஓட்டை இருக்கா இல்லையா, ரெண்டே பதில். கம்ப்யூட்டர்காரங்க பின்னாடி இதேதான் புடிச்சுக்கிட்டாங்க.

ஒரு பறவை டிசைனுக்கே அட்டை நூத்துக்கணக்குல வரும். எல்லாத்தையும் வரிசையா கயிறு போட்டுக் கோத்து மாலையா தொங்கவிடுவோம். ஒரு அட்டை மாறிப்போனா பறவைக்கு கழுத்து முறிஞ்சுடும். நான் பாத்த பெரியவரு ஒருத்தரு அட்டைய கையில புடிச்சு விரலால ஓட்டைய தடவியே "இது எறக்கைக்கு மேல மூணாவது வரி"ன்னு சொல்லுவாரு.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, இப்ப எலக்ட்ரானிக் பெட்டி வந்துட்டதால பழைய அட்டை மாலைங்கள எடைக்குப் போட்டுட்டிருக்காங்க. அட்டை காயிதக் கடைக்குப் போச்சுன்னா டிசைன் போச்சு. துணி ஒரு துண்டு இருந்தா எடுத்துடலாம்னு நெனைப்பாங்க, எடுக்கலாம், ஆனா இழை எண்ணி எண்ணி கண்ணு பூத்துடும்.

மஞ்சக்குப்பத்தான்

அண்ணா கைலியில ஜக்கார்டு இல்லையே? கட்டம்தானே?

அட்டை டிசைனர்

கைலிக்கு வேணாம், கட்டம் பாவுலயும் ஊடையிலயும் நெறத்த மாத்தி மாத்திப் போடுறதுதான். ஆனா அதுலயும் வித்தை இருக்கு, பாவு ஓட்டுறப்பயே எந்த நெறம் எத்தன இழைன்னு கணக்கு, அது பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க மனசுலதான் இருக்கும், பேப்பர்ல இருக்காது. குறிஞ்சிப்பாடித் தங்கச்சி, உங்கம்மாவ கேட்டுப் பாருங்க.

குறிஞ்சிப்பாடிப் பொண்ணு

இப்பதான் போன்ல கேட்டேன். ஒண்ணு ஒண்ணா சொல்றாங்க! மெட்ராஸ் கட்டம், பெரிய கட்டம், சின்னக் கட்டம், எல்லாத்துக்கும் நெறமும் இழைக் கணக்கும் பாட்டு மாதிரி வருது அவங்களுக்கு. எனக்கு இத்தன வருஷம் தெரியாது. எழுதிக்கிட்டேன், ஆனா நெறத்துக்கு அவங்க சொல்ற பேரு எனக்குப் பிடிபடல, துணிய பக்கத்துல வச்சுத்தான் எழுதணும். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், "இதப் போயி எதுக்குடி எழுதுற"ன்னு கேட்டாங்க.

கடற்கரைச் சாலை

கண்ணு, அந்த நோட்டுல உங்கம்மா பேர மொதப் பக்கத்துலயே எழுதிடு. பெருஜியா அம்மாவும் இதேதான் பண்ணியிருப்பாங்க, பொம்பளைங்க மனசுல இருக்குறத எடுத்து துணியோட சேத்து வச்சது.

அரிக்கமேட்டு மண்

நான் ஒண்ணு சொல்றேன். கட்டடம், காசு, அரசாங்கம் இதெல்லாம் பின்னாடி. மூணு நாலு ஊரு சேந்து நோட்டு போடுவோம். முத்தியால்பேட்டை, குறிஞ்சிப்பாடி, வடலூர் பக்கம். ஒவ்வொரு வீட்டுலயும் யாரு என்ன வேலை செஞ்சாங்க, தறியில யாரு, ராட்டையில யாரு, பாவு யாரு, பேரோட. ஒரு துண்டுத் துணி, அதுக்குக் கணக்கு. பொலியூ பாண்டியிலேர்ந்து துண்டு துண்டா எடுத்துட்டுப் போனாரே, அதே மாதிரி நம்மளே நமக்காக எடுப்போம், பேரையும் சேத்து.

வில்லியனூர் வாசி

இதுக்கு நான் வர்றேன். என்கிட்ட கேமரா நல்லது இருக்கு. ஆனா ஒரு கண்டிஷன், யாராச்சும் ஒரு நாள் வேலைய நிறுத்திட்டு நமக்குச் செஞ்சு காட்டுனா அந்த நாள் கூலிய குடுத்துட்டுத்தான் வரணும். பத்திரிகைக்காரங்க, காலேஜ் புள்ளைங்க வந்து போட்டோ எடுத்துட்டு "தேங்க்ஸ்மா"ன்னு போறது நிறைய பாத்தாச்சு.

தறிநாடா

கண்டிஷன் சரி. தறிக்காரருக்கு மட்டும் இல்ல, தார் சுத்துறவங்களுக்கும் தனியா, அவங்க கையிலயே குடுக்கணும். ஆகஸ்ட் 7 கைத்தறி நாளுக்குள்ள கொஞ்சம் சேந்துச்சுன்னா முத்தியால்பேட்டையில ஒரு சின்ன கூடத்துல காட்டலாம், ஒரு ராட்டை, ஒரு மேடைத்தறி, நோட்டுங்க. கூடத்துக்கு நான் கேட்டு வைக்கிறேன். ரோடியர் தோழர், உங்க பாட்டி காலத்து மில்லு அட்டை, சம்பளச் சீட்டு எதுனா வீட்டுல இருந்தா எடுத்து வைங்க.

ரோடியர் மில் வாரிசு

பாட்டியோட பித்தளை டோக்கன் ஒண்ணு இருக்கு, நம்பர் போட்டது. பேரு இல்ல, நம்பர் மட்டும். கொண்டாறேன்.

அட்டை டிசைனர்

அட்டை வச்சிருக்குறவங்க கவனிக்க. கயித்த அறுக்காதீங்க, வரிசை போயிடும். அறுந்துபோயிருந்தா மொதல்ல பென்சில்ல நம்பர் போடுங்க, பேனா வேணாம், ஊறும். நம்மூர் ஈரத்துக்கு பீரோவுல அடைக்காம காத்தோட்டமா பரண்ல தட்டையா வைங்க, நடுவுல காஞ்ச வேப்பிலை போடுங்க, அட்டைய அரிக்கிற பூச்சி வராது. கடலூர் பக்கம் யாரு வீட்டுல இருந்தாலும் சொல்லுங்க, நானே வந்து எடுத்துப் பாத்து என்ன டிசைன்னு எழுதிக் குடுக்குறேன்.

குறிஞ்சிப்பாடிப் பொண்ணு

எங்க தெருவுல மட்டும் தார் சுத்துறவங்க நிறைய பேரு இருக்காங்க, அம்மா கூட உக்காந்து பேரு எழுத ஆரம்பிச்சிட்டேன். ஒரு பாட்டி "என் பேரு எதுக்கு, அவரு பேர எழுது"ன்னாங்க. ரெண்டையும் எழுதுனேன், அவங்க பேர மேல. ஞாயித்துக்கிழமை கேமரா அண்ணா வர்றதா இருந்தா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வந்துடுங்க, அன்னிக்கு எதிர்வீட்டுல பாவு நீட்டுறாங்க.